‘காதுக்கு வேலை’ நிகழ்ச்சியின் குளியலறைக் கிளை

வோபர்ன், ஸ்காபரோ
பங்குனி 1998

வடதிசைத் தமிழ் வானொலியின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஐயா அவர்களுக்கு,

மிகுந்த மரியாதையோடும் கொஞ்சம் நடுக்கத்தோடும் மரியரட்ணம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் என் மனைவி செலீனும் இங்கே சுகம். இந்த முறை இவ்வளவு பனி கொட்டியும் எங்கள் இருவருக்கும் கைகால் ஒன்றும் முறியவில்லை. அதுபோலவே தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், அறிவிப்பாளர் விநாயகமூர்த்தி அவர்களும், முக்கியமாக அவருடைய தொண்டையும் எந்தக் குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று எங்கள் செபத்தில் கேட்டுக்கொள்கிறோம்.

நிற்க. சென்ற ஞாயிறு, இசைத் துண்டைப் போட்டுப் பாட்டின் முதலடியைக் கேட்கிற, ஏழு வருடமாக நடந்துவரும் தங்கள் ‘காதுக்கு வேலை’ இசைப்போட்டி முடிந்த கையோடு தாங்கள் ஒரு எச்சரிக்கை வாசித்தீர்கள். ஸ்காபரோவில் ஒரு கும்பல் போலி வானொலி நிலையம் நடத்தி, நேயர்களிடம் பாட்டுக்கு விடை கேட்டு, போலிப் பரிசு கொடுத்து வருகிறது என்றும், கும்பலின் தலைவர் கனத்த ஆண் குரலில் பேசுவார் என்றும், விபரம் தெரிந்தவர்கள் உடன் அறிவிக்க வேண்டும் என்றும், பொலிசுக்குச் சொல்ல யோசிப்பதாகவும் சொன்னீர்கள். ஐயா, விபரம் எனக்குத் தெரியும். அந்தக் கும்பல் நாங்கள்தான். கும்பல் என்றால் இரண்டே பேர். அதிலும் என்னைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை, எல்லாவற்றுக்கும் பொறுப்பு என் மனைவி செலீன். ஆண் குரல் என்று தாங்கள் சொன்னது பிழையான தகவல். செலீனுக்கு மார்கழி தொடக்கம் தொண்டைக்கட்டு.

நான் ஒரு பாண் பேக்கரியில் இரவு வேலை செய்பவன். சனிக்கிழமை இரவு முழுக்க மா மூட்டைகளோடு மல்லுக்கட்டி, ஞாயிறு காலை நேரே பூசைக்குப் போய், பிரசங்கத்தில் பாதியும் வீட்டுக் கட்டிலில் மீதியுமாக நித்திரை கொள்வது என் வழக்கம். இசைக்கும் எனக்கும் ஒரு தொடுசலும் கிடையாது. கோயிலில்கூட வாயைத் திறந்து பாட மாட்டேன். இப்படிப்பட்ட ஒரு மனிதன் இரண்டு வருடத்துக்கு முன் இந்த அபார்ட்மென்றுக்குக் குடிவந்தபோது ரெலிபோன் கொம்பனிக்காரர் ஒரு இலக்கம் கொடுத்தார்கள். அது தங்கள் நிலையத்து இலக்கமேதான், கடைசி இரண்டையும் தவிர. தங்களுடையது எட்டு, மூன்று என்று முடியும். என்னுடையது மூன்று, எட்டு. இவ்வளவோடு நின்றிருந்தால் உலகம் ஒன்றும் கவிழ்ந்திருக்காது. ஆனால் தாங்கள் இலக்கத்தைச் சும்மா சொல்வதில்லையே, பாட்டாக அல்லவா போடுகிறீர்கள்! மிருதங்கம் அதிர, இரண்டு சின்னப் பிள்ளைகள் இலக்கம் இலக்கமாகப் பாடிக்கொண்டு வந்து, கடைசியில் தாளம் போதாமலோ மூச்சுப் போதாமலோ, ஒரு பிள்ளை ‘எட்டு’ என்று பாடுகிற அதே நேரத்தில் மற்றப் பிள்ளை ‘மூண்டு’ என்று பாடுகிறது. கேட்கிற சனத்தில் பாதி எட்டு மூன்று என்று எழுதிக்கொள்கிறது. மற்றப் பாதி எனக்கு எடுக்கிறது.

வந்த முதல் ஞாயிறே தொடங்கிவிட்டது. நான் நல்ல நித்திரை. மணி அடித்தது, எடுத்தேன். ஒரு பெண்குரல், பெயர் ஊர் ஒன்றும் சொல்லாமல், ஒரு பாட்டின் முதலடியை முழுதாகப் பாடிவிட்டு ‘சரியோ?’ என்று கேட்டது. நித்திரையில் கிடக்கிறவனிடம் எதைக் கேட்டாலும் அவன் என்ன சொல்வான்? ‘சரி, சரி’ என்று சொல்லிப்போட்டு வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை அதே குரல் திரும்பவும் வந்தது.

‘தம்பி, நான் மில்லிக்கனிலை இருந்து யோகமலர் கதைக்கிறன். ஞாயிற்றுக்கிழமை என்ரை விடை சரியெண்டு சொன்னனீங்கள். குக்கரை எப்ப வந்து எடுக்கிறது?’

‘எந்தக் குக்கர் அன்ரி?’

‘பரிசுக் குக்கர். என்ரை பேரைக்கூடக் கேக்காமல் வைச்சிட்டியள். பிறகு நான்தான் தேடித்திரிய வேண்டியிருக்கு.’

‘அன்ரி, இது வானொலி இல்லை, வீடு.’

‘வீட்டிலை இருந்தோ வானொலி நடத்திறியள்? பாவங்கள்! அப்ப வீட்டுக்கே வாறன், விலாசத்தைச் சொல்லுங்கோ.’

அந்தக் கிழமை முழுக்க எடுத்தார். மனம் இளகி எங்கள் சொந்தக் குக்கரையே கழுவித் துடைத்துக் கொடுத்து அனுப்பியது செலீன்தான் என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் யோகமலர் அன்ரி தங்கள் நிகழ்ச்சியில் நேரடியாக வந்து, ‘பாவிச்ச குக்கரைக் குடுத்து ஏமாத்திறியள், விசிலும் இல்லை, அடியிலை பருப்பும் பிடிச்சுக் கிடக்கு’ என்று சத்தம் போட்டதும், விநாயகமூர்த்தி அவர்கள் தாங்கள் யாருக்கும் குக்கரே கொடுக்கவில்லை என்று சத்தியம் பண்ணியதும், பரிசு கொடுக்கிற பாத்திரக்கடைக்காரர் மனம் நொந்துபோனதும். ஐயா, அந்தக் குக்கர் எங்களுடையது. பருப்பும் எங்களுடையது.

‘றோங் நம்பர்’ என்று சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். சொன்னேன் ஐயா. அதனால்தான் பிக்கரிங் யேசுரட்ணம் எனக்குப் பழக்கமானார். யேசுரட்ணம் யாரென்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, மூன்று வருடம் தொடர்ந்து தங்கள் ஆண்டுச் சம்பியன். ரெலிபோன் கொம்பனி பிக்கரிங் பக்கத்தைப் பிரித்து 905 என்று தனிக் குறியீடு ஆக்கிய நாள் முதல், அவர் ரொறன்ரோவுக்கு எடுப்பதென்றால் முன்னுக்கு 416-ஐயும் சேர்த்து அழுத்த வேண்டும். அவ்வளவையும் அழுத்திக் கடைசி இரண்டுக்கு வரும்போது அவருடைய மூக்குக்கண்ணாடி வழுகிவிடும். அரைவாசி நாள் தங்களுக்குப் போகும், அரைவாசி நாள் எனக்கு வரும்.

‘பிக்கரிங்கிலை இருந்து யேசுரட்ணம். விடை, மழையிலை நனைஞ்சுகொண்டு பாடுற பாட்டு.’

‘றோங் நம்பர்.’

‘றோங்கோ? அப்ப ரயிலுக்கை பாடுறது.’

‘ஐயா, றோங் நம்பர்!’

‘அப்ப எத்தினையாம் நம்பர் பாட்டு சரி?’

அன்று அவர் மழைப் பாட்டில் தொடங்கி, தோணிப் பாட்டு, தாலாட்டு, கதாநாயகன் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் பாடுகிற பாட்டு என்று தனக்குத் தெரிந்த அவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, ‘இண்டைக்குக் கேள்வி கொஞ்சம் கடுமைதான்’ என்று சொல்லி வைத்தார்.

இலக்கத்தை மாற்ற முடியாது. கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருக்கும் என் தங்கச்சி மக்டலீனைக் கனடாவுக்கு எடுக்க விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அந்தப் பத்திரங்களில் எல்லாம் இந்த இலக்கம்தான் இருக்கிறது. வயரைக் கழற்றவும் முடியாது, மக்டலீன் எடுப்பதும் ஞாயிற்றுக்கிழமையில்தான். எனவே தங்களிடமே முறையிடுவோம் என்று ஒரு ஞாயிறு நிலையத்துக்கு எடுத்தேன். எத்தனையோ தரம் ‘என்கேஜ்’ அடித்தபிறகு ஒரு மாதிரிக் கிடைத்தது. அலுவலகத்தில் ஒரு பிள்ளை பெயரும் இடமும் கேட்டது, சொன்னேன். அடுத்தது விநாயகமூர்த்தி அவர்களின் குரல்.

‘வோபர்ன் மரியரட்ணம் அண்ணை! வணக்கம், வணக்கம். உங்கடை றேடியோவைக் கொஞ்சம் குறையுங்கோ.’

‘என்னட்டை றேடியோ இல்லைத் தம்பி. நான் ஒரு முறைப்பாடு சொல்ல எடுத்தனான்.’

‘நல்லது. இப்ப இசையைக் கேளுங்கோ.’

‘எனக்கு இசை வேண்டாம், நித்திரைதான் வேணும்!’

‘பாட்டு நித்திரையிலை தொடங்குது எண்டு சொல்லுறார் மரியரட்ணம் அண்ணை. சரியோ, பிழையோ?’

தங்கள் நிகழ்ச்சியில் பிழையான விடைக்குக் கழுதை கத்துகிற சத்தம் போடுகிறீர்களே, அது என் காதுக்குள்ளேயே கத்தியது. திங்கட்கிழமை பேக்கரியில் மா குழைக்கிற பொடியன்கள் எல்லாம் என்னைக் கண்டதும் கழுதை மாதிரிக் கத்தினார்கள். இன்றைக்கும் அங்கே எனக்குப் பெயர் நித்திரை அண்ணை.

அதற்குப் பிறகுதான் நாங்கள் தங்கள் நிலையத்தை மட்டும் இழுக்கிற விசேட வானொலிப் பெட்டி ஒன்று வாங்கினோம். ஆசையால் அல்ல. என்ன பாட்டுக்கு விடை கேட்கிறார்கள் என்று தெரிந்தால், எடுக்கிற சனத்துக்குச் சரி, பிழை என்று ஒரு சொல்லில் சொல்லி அனுப்பிவிடலாம் என்பது யோசனை. அந்தப் பெட்டி வரவேற்பறையில் இரைந்தது, படுக்கையறையில் இரைந்தது, குளியலறையில் மட்டும்தான் துப்புரவாக இழுத்தது. ஆகவே பெட்டியைக் கண்ணாடிக்குக் கீழே வைத்து, ரெலிபோன் வயரை நீட்டி உள்ளே கொண்டுபோய், குளியல் தொட்டி விளிம்பில் ஒரு குஷனும் போட்டாயிற்று. செலீன் அதில் இருந்துகொண்டு பதில் சொல்லத் தொடங்கினாள். குளியலறை என்றபடியால் குரல் கணீரென்று எதிரொலிக்கும். அதைக் கேட்டுச் சனம் இதுதான் உண்மையான கலையகம் என்று நம்பிவிட்டது. தங்கள் இலக்கம் எந்த நேரமும் என்கேஜ், எங்களுடையது முதல் மணியிலேயே எடுபடும். தங்கள் அறிவிப்பாளர் பிழை என்றால் கழுதையை விடுகிறார். செலீன் அப்படிச் செய்வதில்லை. ‘கிட்ட வந்திட்டியள் அக்கா. அது தொடக்கத்திலை வாற இசை இல்லை, ரெண்டாவது சரணத்துக்கு முன்னாலை வாறது. வயலின் படியிறங்கி வாறதைக் கவனிச்சுக் கேளுங்கோ’ என்று ஆறுதலாக விளங்கப்படுத்துவாள். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நான் நித்திரை. கார்த்திகை மாதத்தில் விநாயகமூர்த்தி அவர்கள் நாதஸ்வரம் என்று அடித்துச் சொன்னது ஷெனாய் என்பதும் எனக்குத் தெரியாது. செலீன்தான் சொன்னாள். எவருக்கும் கேட்டவுடன் விளங்கும், அவருக்கு ஏன் விளங்கவில்லை என்றும் சொன்னாள். இதை நான் சண்டைக்குச் சொல்லவில்லை.

நன்றாகச் சொன்னவர்களுக்கு ஏதாவது கொடுக்காமல் அனுப்புவது அழகில்லை என்று மீன் கட்லட் கொடுக்கத் தொடங்கியதும் செலீன்தான். ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் கதவடியில் சனம் வரிசையாக நிற்கும். கட்டடத்தைப் பராமரிக்கிற றொபேட் இரண்டு முறை மேலே வந்து, இங்கே சாப்பாட்டுக்கடை நடத்தக்கூடாது என்று எச்சரித்தான். மூன்றாம் முறை வந்தபோது அவனும் வரிசையில் நின்றான்.

இதற்கிடையில் என் தங்கச்சிக்கு நடந்ததைக் கேளுங்கள். ஒரு ஞாயிறு, அங்கே இரவு நேரம், மக்டலீன் கொழும்பில் ஒரு கொமினிக்கேஷன் கடையில் நின்று ரெலிபோன் எடுத்திருக்கிறாள்.

‘ஹலோ, நான் மக்டலீன்.’

‘வணக்கம், பாட்டின்ரை முதலடியைச் சொல்லுங்கோ.’

ஐயா, விசாவுக்குக் காத்திருக்கிற பிள்ளை. கனடாவில் எதை எப்படிக் கேட்பார்களோ என்று பயந்துபோய், தெரிந்த தேவமாதா பாட்டு ஒன்றை முழுவதும் பாடியிருக்கிறாள். பின்னால் வரிசையில் நின்றவர்களும் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். குளியலறையில் தண்ணீர்க் குழாய் இரைந்த இரைச்சலில் ஆள் யாரென்று பிடிபடவில்லை. ‘பிழையான விடை. ஆனால் நல்ல குரல், அடுத்த முறை முயற்சி செய்யுங்கோ’ என்று சொல்லி வைத்தாயிற்று, அதாவது செலீன் வைத்துவிட்டாள். கனடாக்காரர் பாட்டுச் சோதனை வைத்துத் தன்னைப் பெயில் விட்டுவிட்டார்கள் என்று மக்டலீன் அன்றிரவு முழுக்க அழுதாளாம். இப்போது அந்த லொட்ஜில் விசாவுக்குக் காத்திருக்கிற அவ்வளவு பேரும் ஒரு ஆசிரியரை வைத்து சரளி வரிசை படிக்கிறார்கள். அப்படிச் சோதனை ஒன்றும் இல்லை என்று நான் எழுதினேன். ‘அண்ணை, நீங்கள் என்னைத் தேத்துறதுக்காகச் சொல்லுறியள்’ என்று பதில் வந்திருக்கிறது.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருக்கலாம். இனித்தான் பெரிய விசயம். மாசி மாதக் கடைசியில் தங்கள் ஆண்டு இறுதிப்போட்டி நடந்தது. யேசுரட்ணம் நான்காவது முறையும் வென்றால் வெள்ளிக் கிண்ணம் அவருக்கே நிரந்தரமாகச் சொந்தம் என்று அறிவித்திருந்தீர்கள். மனிதர் அதற்கென்றே பிக்கரிங் வீட்டில் கண்ணாடி அலுமாரி செய்து, உள்ளே சின்ன மின்குமிழும் பூட்டி, தினமும் பின்னேரம் அதைப் போட்டு வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பாராம். இதை அவரே ஒரு முறை பிழையான இலக்கத்தில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அன்று கடைசிக் கேள்விக்குத் தாங்கள் போட்டது, கண் மூடித் திறக்கிற நேரம் வருகிற ஒரு வீணைத் துண்டு. எங்கள் ரெலிபோன் அடித்தது.

‘பிக்கரிங்கிலை இருந்து யேசுரட்ணம்!’ விடையைச் சொன்னார். அது சரியான விடை. வேறு எந்தப் பாட்டிலும் வீணை அந்த இடத்தில் அப்படி ஒரு சறுக்குச் சறுக்காது. இசை தெரியாத எனக்கே அது விளங்கியதென்றால், செலீனுடைய நிலையை யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கும் போகாமல் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தவர். ‘அண்ணை, இது றோங் நம்பர்’ என்று சொல்ல வாய் வருமா? வாய்க்கு வந்தது வேறு.

‘சரியான விடை! நாலாவது முறையும் எங்கடை ஆண்டுச் சம்பியன், பிக்கரிங் யேசுரட்ணம் அண்ணை!’

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ‘கிண்ணத்தை எங்கை வந்து எடுக்கிறது?’ என்று கேட்டார். கட்லட்டுக்கு வருபவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், எங்கள் விலாசத்தைச் சொல்லிவிட்டது. செலீனுடைய வாய். தாங்கள் எப்போதும் சொல்கிறபடி மனிதர் வானொலியைக் குறைத்துவிட்டுத்தான் பேசினார். மகிழ்ச்சியில் அதைத் திரும்பக் கூட்டவே இல்லை. ஆகையால் அதே நேரத்தில் மில்லிக்கன் யோகமலர் அன்ரி எட்டு மூன்றுக்குச் சரியாக எடுத்து அதே விடையைச் சொன்னதையும், தாங்கள் அவருக்குக் கிண்ணத்தைக் கொடுத்ததையும் யேசுரட்ணம் கேட்கவில்லை. குக்கர் விசயத்தில் வாயை அடைக்கத்தான் கொடுத்தீர்கள் என்று சிலர் கதைக்கிறார்கள். நான் நம்பவில்லை.

ஒரு மணித்தியாலத்தில் மூன்று வான் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். றொபேட் எலிவேற்றரைப் பிடித்துக் கொடுத்து எல்லாரையும் மேலே அனுப்பினான். கதவைத் திறந்தேன். யேசுரட்ணம் கோட்டும் சூட்டுமாக, கழுத்தில் யாரோ போட்ட மாலை. பின்னால் அண்ணன் தம்பி, மருமக்கள், தோளில் கமராவோடு ஒரு கலியாண வீடியோக்காரர். நான் சாரத்தோடு நிற்கிறேன். ‘வாங்கோ’ என்றதுதான் தாமதம், ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். ‘குரலைக் கேட்டவுடனை ஆளைப் பிடிச்சிட்டன், நீங்கள்தான்!’ என்றார். பாவம், காதும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது போல.

‘நிலையம் சின்னன்தான், ஆனால் சத்தம் பெரிசு’ என்று சுற்றிவரப் பார்த்தார். கலையகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். குளியலறைக்குள் அவர்கள் ஒவ்வொருவராகக் காலணியைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு போய் வந்தார்கள். வீடியோக்காரர் பெரிய லைற்றைப் போட்டு, வானொலிப் பெட்டி, குஷன், பற்தூரிகைகள், எல்லாவற்றையும் ஆறுதலாக எடுத்தார். ‘தண்ணித் தொட்டி என்னத்துக்கு?’ என்று ஒரு மருமகன் கேட்டான். ‘உது எதிரொலிக்கு’ என்று யேசுரட்ணம் விளக்கம் கொடுத்தார்.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கிண்ணம். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கிண்ணம், பேக்கரிச் சுற்றுலாவில் சாக்கு ஓட்டத்தில் மூன்றாமிடத்துக்கு நான் எடுத்தது. அதைத் துடைத்துக் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபடியால் அதில் வெட்டியிருந்த எழுத்தை அவர் வாசிக்கவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ‘ஊரிலை படிப்பிலையும் எனக்கு ஒரு பரிசு கிடையாது, ஓட்டத்திலையும் கிடையாது. மூண்டு வருசமும் வெறும் கடுதாசிதான் தந்தவங்கள்’ என்றார். ஐயா, அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்களுக்கு வந்திருக்குமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். எல்லாரும் கட்லட் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற கோ ரெயினில் யாரோ ஒருவர் அவரிடம், ‘கிண்ணம் மில்லிக்கனுக்குப் போயிட்டுதாமே’ என்று சொல்லியிருக்கிறார். மனிதர் கொதித்துப்போய் நிலையத்துக்கு ரெலிபோன் எடுத்தார். எங்களுக்குத்தான் வந்தது.

‘ஒரு கிண்ணத்தை ரெண்டு பேருக்குக் குடுக்கிறதோ? உதென்ன ஞாயம்?’

‘விசாரிச்சுச் சொல்லுறம் அண்ணை.’

விசாரித்துச் சொல்லாதபடியால், அவர் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு தங்கள் உண்மையான நிலையத்துக்கே வந்துவிட்டார். அங்கே விநாயகமூர்த்தி அவர்கள் எழுத்தை வாசித்து, சாக்கு ஓட்டம் என்று சொல்லிச் சிரித்தாராம். சிரித்திருக்கக் கூடாது. போலிக் கிண்ணத்தைத் தந்துவிட்டுப் போங்கள் என்று கேட்டபோது, தரவும் மாட்டேன், தந்தவரின் விலாசத்தைச் சொல்லவும் மாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டு போய்விட்டாராம். அன்று பின்னேரம் எங்களுக்கு எடுத்தார், இந்த முறை தெரிந்தே எடுத்தார். ‘தம்பி, நீங்கள் வானொலி இல்லையாமே?’ என்றார். ‘இல்லை அண்ணை’ என்றேன். ‘பறவாயில்லை. அலுமாரிக்கு அளவாத்தான் இருக்கு’ என்றார். அடுத்த ஞாயிறு தாங்கள் எச்சரிக்கை வாசித்தீர்கள்.

ஆகவே ஐயா, பொலிசைக் கூப்பிட வேண்டாமென்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். குற்றம் அந்தப் பிள்ளைகளுடையதும் இல்லை, தாளத்தினுடையது. எட்டைப் பாடி முடித்துவிட்டு மூன்றைப் பாடச் சொல்லுங்கள், எல்லாம் தீர்ந்துவிடும். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் நிம்மதியாகப் படுப்பேன், அதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. எங்கள் கதவுக்குப் பொலிஸ் வந்தால் மக்டலீனுடைய விண்ணப்பம் என்னாகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். யேசுரட்ணத்தார் அன்று சரியான விடையைச் சொன்னவர் என்பதை வானொலியில் ஒரு வார்த்தை சொன்னால் தங்களுக்குப் புண்ணியம். மேலும், ஷெனாய் எது, நாதஸ்வரம் எது என்று பார்த்துச் சொல்ல நிலையத்துக்கு எப்போதாவது ஒரு ஆள் தேவைப்பட்டால், செலீன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வாகத்தான் இருப்பாள். அவளுக்குக் குரல் சரியில்லாத நாளில் நான் வரலாம்.

தங்கள் நிலையம் இன்னும் பல ஆண்டு இரைச்சலில்லாமல் ஒலிக்கவும், தங்கள் வீட்டில் எல்லாருக்கும் நல்ல சுகமும் நல்ல செவியும் கிடைக்கவும் மன்றாடி, விநாயகமூர்த்தி அவர்களுக்கு என் அன்பையும் மேற்படி திருத்தத்தையும் தெரிவித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
மரியரட்ணம்

பி.கு: ஐயா, இது செலீன் எழுதிறது. முத்திரை ஒட்டித் தபாலிலை போடச் சொல்லி என்னட்டைத் தந்தவர். உறை ஒட்டாமல் கிடந்தது, வாசிச்சுப் போட்டன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்திலை நான் வீட்டிலையே இருக்கிறேல்லை, கீழை உடுப்புத் தோய்க்கப் போயிடுவன். மேலை வந்தால் குளியலறை உள்ளுக்காலை பூட்டிக் கிடக்கும், அவசரத்துக்குப் பக்கத்து வீட்டைத்தான் போறனான். எனக்குத் தொண்டைக்கட்டும் இல்லை, ஷெனாயும் தெரியாது. கோயில் பாட்டைத் தவிர வேறை ஒரு பாட்டுக்கும் எனக்கு முதலடி தெரியாது. கட்லட் போட்டது மட்டும் நான்தான், அதுவும் இந்த மனுசன்தான் அவ்வளவையும் தின்னுறார் எண்டு நினைச்சு. அவர் இப்ப இரவு வேலையும் செய்யிறேல்லை. சனிக்கிழமை நித்திரை முழிச்சால் குரல் அடைக்குதெண்டு போன வருசமே பகல் வேலைக்கு மாறியிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேட்டு மினுக்கிப் போட்டு, ரை கட்டி, ஒரு போத்தில் சுடுதண்ணியோடை உள்ளை போனாரெண்டால் பொழுதுபடத்தான் வெளியிலை வருவார். அவர் கேக்கிறாரெண்டு அந்தப் பிள்ளையளின்ரை பாட்டிலை தயவுசெய்து கை வைச்சுப் போடாதேங்கோ. தை மாசம் ஐஸ் விழுந்து வயர் அறுந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் அடிக்கேல்லை. அண்டைக்கு முழுக்க ரையோடை குசினிக்குள்ளை எனக்குப் பக்கத்திலை நிண்டு, நான் கடுகு தாளிக்கேக்கை அது என்ன தாளத்திலை வெடிக்குதெண்டு விளங்கப்படுத்தினவர். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அப்பிடி வந்தால் என்னாலை தாங்கேலாது.